லோட்டஸ் 49: காலை எடுத்தாலும் சுத்துது, மிதிச்சாலும் சுத்துது

மூணாவதுகியர்:
அசெட்டோ கோர்சா (கார் பந்தய சிமுலேட்டர்), கார் 1967 ஃபார்முலா 1-ல் ஓடின லோட்டஸ் 49, டிராக் சில்வர்ஸ்டோன் 1967. லோட் செல் பிரேக் (மிதிக்கிற அழுத்தத்தை அளக்கிற பெடல்), ஹெச் ஷிஃப்டர் (கையால மாத்துற கியர்), கிளட்ச் எல்லாம் இருக்கு. உதவி அமைப்புகள் எல்லாம் ஆஃப். மூணு சிக்கல்:
ஸ்டோவ் வளைவுக்கு முன்னால் கியர் இறக்கும்போது பின்சக்கரம் லாக் ஆகுது. பெக்கெட்ஸ் வளைவு நடுவில் வேகம் கூடிப்போச்சுன்னு காலை எடுத்தால் கார் உள்பக்கமா சுத்திடுது. அங்கிருந்து வெளியே வரும்போது ஆக்சிலரேட்டர் பாதியைத் தாண்டினால் வீல்ஸ்பின் (பின்சக்கரம் பிடி இல்லாம சுத்துது). செட்டப்பில் எதை மாத்தணும்? இதே டிராக்கில் ஜிடி3 கார் (விங் வச்ச இந்தக் காலத்துப் பந்தயக் கார்) ஒழுங்கா போகுது.

வால்வீச்சு:
செட்டப்பை இப்போதைக்குத் தொட வேண்டாம். மூன்றும் காலில் இருக்கும் பிரச்சினை.

1967-ல் இந்தக் காருக்கு விங் கிடையாது. எடை சுமார் 500 கிலோ, பவர் 400 எச்பி அளவு, எடையில் பெரும்பங்கு பின்னால். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பாரம் முன்னால் பாயும், பின் டயர் லேசாகிவிடும். போதாததற்கு என்ஜின் பிரேக்கிங் பின்சக்கரத்தை மட்டுமே இழுக்கிறது. சுற்றாமல் என்ன செய்யும்?

பெக்கெட்ஸில் வேகத்தை நுழைவதற்கு முன்பே குறைத்துவிடுங்கள், ஜிடி3 மாதிரி பிரேக்கை உள்ளே வரை இழுக்காதீர்கள். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் 15-20 சதவீதம் ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பிடித்திருங்கள். பிறகு ஆக்சிலரேட்டரைக் கூட்டும்போது கார் வெளியே தள்ளினால் 40 சதவீதத்திலிருந்து 25-க்கு இறக்குங்கள், பூஜ்யத்துக்கு அல்ல. மூக்கு தானாக உள்ளே வரும். இந்தக் காரில் பாதி ஸ்டியரிங் வேலை வலது காலுக்குத்தான்.

கியர் இறக்கும்போது லாக் ஆவது பிளிப் (ஆக்சிலரேட்டரைத் தட்டி ஆர்பிஎம் ஏற்றுவது) போதாததால். பிரேக்கை விடாமல், கிளட்ச்சை மிதித்து, ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி ஆர்பிஎம் ஏறியதும் கிளட்ச்சை விடுங்கள். ஆர்பிஎம் பொருந்தாவிட்டால் ஹேண்ட்பிரேக் இழுத்த கதைதான். வேகம் குறைவதற்கு முன்பே கியரை இறக்குவதும் தவறு: என்ஜின் 9000-ஐத் தாண்டும், சேதம் ஆன் என்றால் அத்தோடு முடிந்தது.

ரேம்ப்ஆங்கிள்:
மேலே சொன்னது சரிதான், ஆனா செட்டப்பைத் தொடவே வேண்டாம்கிறதை ஏத்துக்க மாட்டேன். கத்துக்கிற கட்டத்தில் கார் கொஞ்சம் மன்னிக்கிற மாதிரி இருக்கணும்.

பிரேக் பயாஸை (முன், பின் சக்கரங்களுக்கு பிரேக் பிரியிற விகிதம்) 2 சதவீதம் முன்னால் தள்ளுங்க. டிஃபரன்ஷியல் (ரெண்டு பின்சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கிற அமைப்பு) மாத்த முடிஞ்சா கோஸ்ட் லாக்கைக் கூட்டுங்க: காலை எடுக்கும்போது ரெண்டு பின்சக்கரமும் ஒண்ணா சுத்தும், பின்பக்கம் நிலையா நிக்கும். விலை என்னன்னா, வளைவுக்குள்ள நுழையும்போது மூக்கு கொஞ்சம் மந்தமாகும். பவர் லாக்கை (ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது வர்ற லாக்) ரொம்ப ஏத்தாதீங்க, பிடி விடும்போது ரெண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் விட்டுடும். பின் ஆன்டி ரோல் பாரை (வளைவில் கார் சாயிறதைக் குறைக்கிற கம்பி) ஒரு படி இளக்கலாம். ஒரு தடவைக்கு ஒண்ணு மட்டும், அதுவும் டயர் சூடான பிறகு. குளிர்ந்த டயரில் செட்டப் பார்க்கிறது வீண்.

பெட்ரோலையும் பாருங்க. பயிற்சிக்கு 30 லிட்டர் போதும், அது 22 கிலோதான். முழு டேங்கோட கார் வேற மாதிரி நடக்கும்.

டிஎஃப்விதாசன்:
வீல்ஸ்பின்னுக்குக் காரணத்தை யாரும் சொல்லவில்லை. கீத் டக்வொர்த் வடிவமைத்த காஸ்வொர்த் டிஎஃப்வி என்ஜின் அது. தொடக்க காலத்தில் சுமார் 6500 ஆர்பிஎம்-மில் பவர் திடீரென்று வந்து விழும். நிஜக் காரிலேயே ஆக்சிலரேட்டர் இணைப்பை, தொடக்கத்தில் மெதுவாகத் திறக்கும்படி மாற்ற வேண்டிவந்தது. ஆனாலும் 1967 ஜூனில் ஸாண்ட்வோர்ட்டில் முதல் பந்தயத்திலேயே ஜிம் கிளார்க் ஜெயித்துக் காட்டினார் என்பது வேறு விஷயம்.

அதே வைத்தியம் உங்கள் பெடலுக்கும் பொருந்தும். பெடல் மென்பொருளில் கர்வை (எவ்வளவு மிதித்தால் எவ்வளவு திறக்கும் என்ற வரைகோட்டை) வளைத்து, பாதி மிதித்தால் 30 சதவீதம் திறக்கும்படி வையுங்கள். பெக்கெட்ஸிலிருந்து ஒரு கியர் கூடுதலாகப் போட்டு வெளியே வந்தும் பாருங்கள். ஆர்பிஎம் அந்த எல்லைக்குக் கீழேயே இருக்கும், ஸ்டியரிங் நேரானதும் முழுசாக மிதிக்கலாம்.

ஃபோர்ஸ் ஃபீட்பேக் (ஸ்டியரிங் வீல் கைக்குத் தரும் விசை) கிளிப் ஆகிறதா, அதாவது உச்சத்தில் முட்டி நிற்கிறதா என்பதையும் கவனியுங்கள். பிடி குறையும்போது வீல் லேசாவதுதான் முதல் எச்சரிக்கை. கிளிப் ஆனால் அது கைக்கு வராது. கீபோர்டின் நம்பேட் மைனஸ் பட்டனால் விசையை இந்தக் காருக்கு மட்டும் குறைத்துக்கொள்ளலாம்.

மூணாவதுகியர்:
கர்வ் மாத்தினதும் வீல்ஸ்பின் நல்லாவே குறைஞ்சிருக்கு. பயாஸ் 2 சதவீதம் முன்னால் வச்சதும் இப்ப முன்சக்கரம் லாக் ஆகுது, அதுவும் பிரேக் போட்ட உடனே.

வால்வீச்சு:
ஜிடி3-யில் அதிக வேகத்தில் டவுன்ஃபோர்ஸ் (காரைக் கீழே அழுத்தும் காற்றின் விசை) இருப்பதால் முதலில் ஓங்கி மிதித்துப் பிறகு விடுவோம். இங்கே அழுத்தும் காற்றே இல்லை, லாக் ஆகும் எல்லை எல்லா வேகத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே அழுத்தத்தை மெல்ல ஏற்றி, கடைசி வரை அதே அளவில் பிடியுங்கள். லோட் செல்லில் உச்ச அழுத்தத்தை எட்ட இன்னும் பலமாக மிதிக்க வேண்டியிருக்கும்படி அமைத்தால் இது எளிதாகும். அதற்குப் பிறகும் லாக் ஆனால் பயாஸை 1 சதவீதம் பின்னால் எடுங்கள்.