கல்லூரி அணிக்குத் தயாராகும் கைப்பந்து மாணவிகள்: உங்கள் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். பள்ளி இறுதி வகுப்புகளில் படிக்கும் மாணவிகளைக் கல்லூரி அணிகளுக்குத் தயார்ப்படுத்தும் கைப்பந்துக் கிளப் ஒன்றில் பயிற்சியளித்து வருகிறேன். கல்லூரி அளவில் ஆடியவர்களும் பயிற்றுவித்தவர்களும் இக்குழுவில் இருப்பதால் உங்கள் உதவியை நாடுகிறேன்.

2.24 மீட்டர் உயர வலையில் எங்கள் பெண்கள் நன்றாகவே ஸ்மாஷ் அடிக்கிறார்கள். சிக்கல் முதல் பந்தை எடுப்பதில்தான். எதிரணி குதித்துப் போடும் ஃப்ளோட் சர்வீஸ் சுழலாமல் வந்து கடைசி நேரத்தில் விலகும்போது, கால்களை நகர்த்திப் பந்தின் பின்னால் செல்லாமல் கைகளை மட்டும் நீட்டிவிடுகிறார்கள். இதனால் பந்து வலையருகே நின்று, தாக்குபவருக்குப் பந்தை உயர்த்திக் கொடுக்கும் செட்டரைச் சென்றடையாமல் மூன்று மீட்டர் கோட்டுக்குப் பின்னாலேயே இறங்கிவிட, நடுவிலிருந்து விரைவாகத் தாக்கும் வாய்ப்பு பறிபோகிறது. கல்லூரித் தேர்வாளர்கள் இதை முதலில் கவனிப்பார்கள் என்பதே என் கவலை.

இதைச் சீராக்க நீங்கள் கையாண்ட பயிற்சிகளை விரிவாக எழுத வேண்டுகிறேன். பின்வரிசையில் தடுப்பாட்டத்துக்கென்றே ஆடும் லிபரோவைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் அறிய விரும்புகிறேன். உயரம் குறைவு என்பதற்காக மட்டும் ஒருவருக்கு அந்தப் பொறுப்பைக் கொடுப்பது முறையன்று என்றே கருதுகிறேன். முழங்கால் வலியுள்ளவர்களுக்குக் குதிக்கும் பயிற்சியை எவ்வாறு குறைப்பது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.