மறுமொழி: ‘அதிவேக லேசர்’ வேண்டாம், கிளாக்கோமா அறுவைக்கு வேறு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

கிளாக்கோமா, அதாவது பெரும்பாலும் கண்ணுக்குள் நீரின் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு கெடும் நோய்; அதன் சிகிச்சையில் இப்போது பேசப்படும் ஃபெம்டோநொடி வகைக் கருவிகளை ‘அதிவேக லேசர்’ என்றே சொல்லலாம் எனச் சென்ற மடலில் எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. நோயாளிகளுக்கான கையேட்டு வரைவில் நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். பல ஆண்டுகளாக இரு கண்ணுக்கும் சொட்டு மருந்து விட்டுவரும் என் அம்மாவிடம் அதைப் படிக்கக் கொடுத்தேன். பூதக்கண்ணாடியை அந்த வரியின்மேல் நிறுத்தி, “இத்தனை வேகமாகப் பாய்ந்தால் கண்ணோடு நிற்குமா? பின்னால் மூளைக்குப் போய்விடாதா?” என்று கேட்டார். சொல் அப்படித்தானே கேட்க வைக்கிறது!

எந்த லேசரின் ஒளிக்கும் வேகம் ஒன்றுதான். இங்கே வேறுபடுவது துடிப்பின் கால அளவு. நொடியைப் பத்துக் கோடி கோடியாகப் பகுத்தால் அதில் ஒரு பங்கு ஃபெம்டோநொடி. நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி, 100 ஃபெம்டோநொடியில் 0.03 மில்லிமீட்டர்தான் நகரும்; ஒரு தலைமுடியின் தடிமன்கூடத் தேறாது. 1985இல் டோனா ஸ்டிரிக்லேண்டும் ஜெரார் மூருவும் செய்து காட்டியதும் வேகத்தைக் கூட்டும் வேலையன்று; துடிப்பை நீட்டி, வலுவேற்றி, மறுபடி சுருக்கும் உத்தி. 2018 இயற்பியல் நோபலில் அவர்களுக்குப் பங்கு கிடைத்தது அதற்காகத்தான். துடிப்பு அவ்வளவு குறுகியதாக இருப்பதால், ஒளி குவியும் புள்ளியில் மட்டும் திசு சிதைகிறது; பக்கத்துத் திசுவுக்குச் சூடு பரவ நேரம் கிடைப்பதில்லை. ஆகவே ‘குறுந்துடிப்புச் சீரொளி’ என்பது என் பரிந்துரை. சீரொளி பழகாதவர்களுக்குக் ‘குறுந்துடிப்பு லேசர்’ என்றாலும் போதும்.

கண்ணிமைப் பொழுதை மாத்திரை என்று அளந்தது நம் இலக்கணம் என்பதால் ‘நுண்மாத்திரைச் சீரொளி’ எனலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல்தான், எனக்கும் ஆசையாக இருந்தது. ஆனால் மருத்துவமனையில் மாத்திரை என்றால் விழுங்குவது. ‘சின்ன மாத்திரை எத்தனை வேளை?’ என்று நோயாளி கேட்டால் என்ன சொல்வோம்? ‘துடிப்பு’ இதயத்தை நினைவூட்டும் என்ற மறுப்பையும் யோசித்தேன். பக்கத்தில் ஒளி நிற்பதால் குழப்பம் வராது.

இனி அறுவையின் பெயர். ஏற்கெனவே ஒத்த பெயருள்ள மூன்று முறைகள் இருக்கின்றன, மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கக் கூடாது. டிரபெகுலெக்டமியில், கண்ணுக்குள் இருக்கும் நீர் வடியும் சல்லடை போன்ற வலைத்திசுவின் ஒரு துண்டை வெட்டி எடுத்து நீருக்குப் புதுவழி செய்கிறார்கள்: ‘வலைத்திசு அகற்றல்’. டிரபெகுலோபிளாஸ்டியில் துளையே இல்லை. லேசரால் வலைத்திசுவைத் தூண்டி வடிதலைச் சீராக்குகிறார்கள்: ‘வலைத்திசுச் சீராக்கம்’. டிரபெகுலாட்டமியில் வலைத்திசுவைத் திறக்கிறார்கள். குறுந்துடிப்பு ஒளி இந்த மூன்றாவதைக் கத்தியே இல்லாமல் செய்கிறது. கண்ணின் முன்னுள்ள தெளிந்த படலமான கருவிழியைக் கீறாமல் அதன் வழியே நுழைந்து, வலைத்திசுவில் சுமார் அரை மில்லிமீட்டர் நீளமும் 0.2 மில்லிமீட்டர் அகலமும் உள்ள வாயைத் திறந்து, அப்பால் நீரை வெளியே கொண்டுபோகும் ஷ்லெம் கால்வாயோடு, கருவிழிக்குப் பின்னுள்ள முன்னறையை இணைக்கிறது.

இதற்குத் ‘துளையிடல்’ என்றால் கேட்பவர் நடுங்குவார். நம்மிடம் தூம்பு இருக்கிறது. ஏரிக்கரையை உடைக்காமல் அதன் அடியில் நீரை வெளியே விடும் வழி அது. புதுக்கோட்டைப் பக்கத்து ஏரிகளில் குமிழித் தூம்பைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கரை அப்படியே நிற்க, நீர் மட்டும் அளவாக வடிகிறது. இந்தச் சிகிச்சையும் அதைத்தான் செய்கிறது. ‘சீரொளித் தூம்பிடல்’ என்று வைத்துக்கொள்ளலாமா? அம்மாவிடம் சொன்னபோது, “அப்படியென்றால் தேங்கின தண்ணீர் வடியும்” என்றார். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

இன்னும் ஒன்று தீராமல் இருக்கிறது. கிளாக்கோமாவுக்குக் ‘கண்நீர் அழுத்த நோய்’ என்ற பெயர் பரவலாகிவிட்டது. வாய்விட்டுப் படித்தால் அது ‘கண்ணீர்’ என்றே காதில் விழுகிறது. அழுதால் அழுத்தம் குறையுமா என்று கேட்டவர்கள் உண்டு. வடிய வேண்டியது கண்ணீர் அன்று, கருவிழிக்குப் பின்னுள்ள முன்னறையில் நிறைந்திருக்கும் நீர். கையேடு முழுக்க ‘முன்னறை நீர்’ என்று மாற்றி வைத்திருக்கிறேன். நோயின் பெயரையும் ‘கண் அழுத்த நோய்’ என்று சுருக்கிவிடலாம் என்பது என் எண்ணம். கண் மருத்துவத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள். வரைவு அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது.

அன்புடன்