மணல், சேறு, கல்: உங்கள் ஊர்த் தரையும் உங்கள் ஆட்டுமாட்டுக் காலும்

தங்கச்சிமடத்துக்காரன்:

முதலில் நம்ம வீட்டுக் கதை. மகன் பிறந்தபோது கமுதிப் பக்கம் இருக்கும் என் மாமனார் மூன்று கொடி ஆடுகளை (வெள்ளாட்டு இனம்) வண்டியேற்றி அனுப்பினார். ஒன்று வெள்ளையில் கறுப்புத் திட்டு உள்ள கரும்போறை, இரண்டு செந்திட்டு உள்ள செம்போறை. அங்கே கரிசலிலும் ஓடைக்கல்லிலும் நாள் முழுக்க நடந்த கால்கள். இங்கே தென்னை மரத்தடி, நீளக் கயிறு, சுற்றிலும் மாவு மாதிரி மணல். ராஜ வாழ்க்கை என்றுதான் நினைத்தேன்.

நாலாம் மாதம் கரும்போறை முன்னங்காலை மடக்கி முட்டிபோட்டு மேய ஆரம்பித்தது. வேலிக்கருவை முள்ளாக இருக்கும் என்று ஊசியோடு உட்கார்ந்தேன். முள் இல்லை. ஒருவர் வந்து காய்ச்சல் என்று ஊசி போட்டுவிட்டுப் போனார், காசு போனதுதான் மிச்சம். அப்புறம் மாமனாரே வந்தார். ஆட்டைப் பார்த்ததும், "என்ன மாப்பிள்ளை, ஆட்டுக்கு மூக்கு வளைஞ்ச செருப்பு தைச்சுப் போட்டிருக்கீங்க?" என்றார்.

காலைத் தூக்கிக் காட்டினார். குளம்பின் ஓரம் நீண்டு, உள்பக்கமாக மடிந்து, அடியை மூடிக் கிடந்தது. மடிப்புக்குள் மணலும் புழுக்கையும் இறுகியிருந்தன. குளம்பு நம் நகம் போலத்தான், ஆயுசுக்கும் வளரும். கமுதியில் வளர வளரக் கல் தேய்த்துக்கொண்டே இருந்தது. இங்கே கட்டிப்போட்ட ஆட்டுக்குத் தேய்க்க ஆளில்லை. ஈரச்சாக்கை அரைமணி நேரம் சுற்றி வைத்து, இளகியதும் செடி வெட்டும் கத்திரியால் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கினார். அடியில் ரோஸ் நிறம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டுமாம், அதற்கு மேல் ரத்தம்.

இப்போது கொட்டிலில் கருங்கல் துண்டுகளை அடுக்கி வைத்திருக்கிறேன். ஏறி இறங்கி அதுகளே தேய்த்துக்கொள்கின்றன. (கரையில் கடல்கல் சும்மாதானே கிடக்கிறது என்று எடுத்துவிடாதீர்கள். பவளப்பாறை அது, வனத்துறை கேஸ் ஆகிவிடும்.) உங்கள் ஊரில் எப்படி?

சாயல்குடி மருமகள்:

நான் கண்ணால் பார்த்தது. கல்யாண ஊர்வலத்துக்கு வந்த குதிரை, வேட்டுச் சத்தத்தில் மிரண்டு, உப்பளத்துக்கு அப்பால் உள்ள கழிமுகச் சேற்றில் இறங்கிவிட்டது. நாலு காலும் முட்டி வரை. இழுக்க இழுக்க இன்னும் இறங்கியது. வேடிக்கை என்னவென்றால், பத்தடி தள்ளி எங்கள் கொழுந்தனார் வீட்டுப் பசு அதே சேற்றில் அது பாட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தது.

குதிரை நிற்பது ஒரே ஒரு விரல் நுனியில். வட்டக் குளம்பு, அடியில் கிண்ணம் போலக் குழி. சேற்றில் அழுந்தினால் கவிழ்த்த கிண்ணம் மாதிரி கவ்விக்கொள்ளும். மாட்டுக்குக் குளம்பு இரண்டு. மிதிக்கும்போது விரிகிறது, தூக்கும்போது சேர்ந்து ஒடுங்குகிறது, நடுப்பிளவு வழியாகக் காற்று போய்ப் பிடி விட்டுவிடுகிறது. கண்மாய்ச் சேற்றில் காட்டுப்பன்றித் தடம் பார்த்தவர்களுக்குத் தெரியும், முன்னால் இரண்டு குளம்பு, பின்னால் இரண்டு புள்ளி. மேலே இருக்கிற அந்தச் சின்னக் குளம்புகளையும் ஊன்றித்தான் பன்றி புதையாமல் போகிறது.

கடைசியில் ஒரு பெரியவர் இழுத்த கயிற்றைக் கீழே போடச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு காலின் ஓரத்திலும் தோண்டித் தண்ணீர் ஊற்றச் சொன்னார். சேறு இளகியது. முன்னால் பனையோலையைப் பரப்பினோம். ஒன்றரை மணி நேரம். மாப்பிள்ளை நடந்தே போனார்.

பனைக்குளம் தம்பி:

லாடம் அடிப்பதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறீர்களா? குதிரைக்குக் காலுக்கு ஒன்று, வண்டி மாட்டுக்குக் காலுக்கு இரண்டு, மொத்தம் எட்டு. இரண்டு விரலும் தனித்தனியாக அசைய வேண்டுமே, ஒரே தகடாக அடித்தால் விரியாது. எங்கள் அப்பத்தா வீட்டு மாடுகள் உழவுக்கு மட்டும் போனவரை லாடம் கிடையாது. தார்ச்சாலையில் வண்டி ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் கயிறு போட்டுச் சாய்த்துப் படுக்கவைத்து அடித்தார்கள். அதைப் பார்க்கப் பிடிக்காமல் நான் ஓடிவிடுவேன்.

கீதாரி பேரன்:

எங்கள் தாத்தா அறுப்பு முடிந்ததும் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் கிடை போட (எருவுக்காக ஆடுகளை வயலில் அடைக்க) போவார். தங்கச்சிமடத்து அண்ணனுக்கு மணல் எதிரி, எங்களுக்கு ஈரம்தான் எதிரி. வயலில் தண்ணீர் நின்றால் குளம்பு ஊறி, விரலிடுக்கு வெந்து, கிருமி ஏறி அழுகிவிடும். ஒரு ஆடு நொண்டினால் பின்னாலேயே பத்து ஆடு நொண்டும். அதனால் மழைக்கு முன்னால் நம் வறண்ட ராமநாதபுரத்துக்கே திரும்பிவிடுவார்கள். ஊர் காய்ந்து கிடக்கிறது என்று எல்லோரும் புலம்புகிறோம், ஆட்டுக்கால் புலம்பியதில்லை.

இன்னொன்று. செம்மறியின் காலில் விரலிடுக்குக்கு மேலே ஒரு சின்னத் துளை இருக்கும். அதிலிருந்து மெழுகு மாதிரி ஒரு கசிவு வரும். வெள்ளாட்டுக்கு அது கிடையாது. அந்தத் துளையில் மண் அடைத்து வீங்கினாலும் நொண்டும். மருந்து தேடும் முன் அதைப் பாருங்கள்.

பாம்பன் பாலத்தடி:

என்னிடம் ஆடும் இல்லை மாடும் இல்லை, வள்ளம்தான். ஆனாலும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். வலைக்குப் பக்கத்தில் துள்ளும் ஓங்கிலும் (டால்பின், திமிங்கில இனம்தான்) உங்கள் இரட்டைக் குளம்புக் கூட்டத்து உறவுதானாம். காஷ்மீரில் கிடைத்த இண்டோஹையஸ் என்ற, பூனை அளவே உள்ள மான் சாயல் விலங்கின் எலும்புகளை ஆராய்ந்து, அது திமிங்கிலங்களுக்கு நெருங்கிய சொந்தம் என்று 2007இல் எழுதினார்கள். தண்ணீருக்குள் நடந்து திரிந்த விலங்கு. அந்த வம்சத்துக்குக் கடலில் முன்கால் துடுப்பாகிவிட்டது, பின்கால் காணாமலே போய்விட்டது.

தங்கச்சிமடத்துக்காரன்:

ஓங்கில் கதையை மாமனாரிடம் போனில் சொன்னேன். "நல்லதாப் போச்சு மாப்பிள்ளை, அதுக்கு யாரும் குளம்பு வெட்ட வேண்டாம்" என்றார். கரும்போறைக்கு அடுத்த மாதம் மறுபடி வெட்ட வேண்டும். கத்திரியைச் சாணை பிடிக்கக் கொடுத்திருக்கிறேன்.