மறு: எக்ஸ்போஷர்: வெளிப்பாடா, ஆட்படலா, ஊறா? (படுமானம் சரிவருமா?)

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

திங்களன்று ஒற்றை வரியில் கேட்டுவிட்டுப் போனேன்: தொழில்சார் நலத்துறையில் எக்ஸ்போஷருக்கு, அதாவது வேலையிடத்தில் தூசியோ புகையோ இரைச்சலோ ஒருவரை வந்தடைவதற்கு, தமிழில் என்ன? இன்று வந்து பார்த்தால் இழை இருபது மடலைத் தாண்டியிருக்கிறது. தனித்தனியாக எழுத நேரமில்லை, எல்லாவற்றுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இந்தச் சொல் எனக்கு எங்கே இடறியது என்று சொல்லிவிடுகிறேன். ஆலிஸ் ஹாமில்டனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 1869இல் பிறந்து 1970இல், 101 வயதில் மறைந்த அமெரிக்க மருத்துவர். ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஆசிரியப் பணியில் சேர்த்துக்கொண்ட முதல் பெண். 1919இல், தொழிலக மருத்துவத்துக்கு உதவிப் பேராசிரியராக. அந்தத் துறையில் அவரளவுக்கு விவரம் தெரிந்த ஆண் யாரும் கிடைக்காததால்தான் அவரிடம் போனார்கள். போனபோதும் மூன்று நிபந்தனைகள்: ஆசிரியர் மன்றத்துக்குள் வரக்கூடாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக்கூடாது, கால்பந்துப் போட்டிக்கு ஆசிரியர்களுக்கு ஒதுக்கிய டிக்கெட்டைக் கேட்கக்கூடாது. மூன்றாவதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1935இல் ஓய்வு பெறும்போதும் அவர் அதே உதவிப் பேராசிரியர்தான்.

இந்தப் பகுதியெல்லாம் தமிழில் தடையில்லாமல் வந்தது. ஈயத்துக்கு வந்ததும் சிக்கிக்கொண்டேன்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் தொழில்நோய்களை ஆராய ஓர் ஆணையம் அமைத்தது. ஹாமில்டன் எடுத்துக்கொண்டது ஈயம். வெள்ளை வண்ணப்பூச்சுக்காக ஈயப்பொடி செய்யும் ஆலைகள் (இதை வெள்ளீயம் என்று எழுதிவிடாதீர்கள், அது வேறு உலோகம்), குளியல்தொட்டிகளுக்கு எனாமல் பூசும் பட்டறைகள் என்று ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். தொழிலாளி சாப்பிடும் முன் கை கழுவுவதில்லை, அதனால்தான் ஈயம் வயிற்றுக்குள் போகிறது என்பது அன்று பரவலாக இருந்த எண்ணம். முதலாளிகளுக்கும் அது வசதி, குற்றம் தொழிலாளியின் கையோடு நின்றுவிடுகிறது அல்லவா! கையில் ஒன்றுமில்லை, காற்றில் பறக்கும் தூசியிலும் புகையிலும்தான் நஞ்சு இருக்கிறது என்றார் ஹாமில்டன். நேஷனல் லெட் நிறுவனத்தின் எட்வர்டு கார்னிஷ் இதை நம்பவில்லை, ஆதாரம் காட்டினால் சரிசெய்கிறேன் என்றார். அம்மையார் தேடிப்பிடித்து, ஈய நஞ்சேறி மருத்துவமனைக்குப் போன 22 பேரின் விவரத்தைக் கொண்டுபோய் வைத்தார். அந்த மனிதரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தூசியையும் புகையையும் கட்டுப்படுத்த ஏற்பாடுகள் செய்தார், ஆலைகளுக்கு மருத்துவர்களை அமர்த்தினார்.

இதை எழுதிவிட்டு அடுத்த வரியில் "தொழிலாளர்களின் ஈய வெளிப்பாடு" என்று போட்டேன். துறைக்கு வெளியே இருக்கும் ஒரு நண்பரிடம் படிக்கக் கொடுத்தேன். "அவங்க உடம்புலேர்ந்து ஈயம் வெளிய வருதா?" என்று கேட்டார். அவர்மேல் தப்பில்லை. கார்னிஷோடு ஹாமில்டன் வாதாடியதே, ஈயம் எங்கிருந்து யார்மேல் போகிறது என்பதைப் பற்றித்தான். நம் சொல் அதைத் தலைகீழாக்கிவிடுகிறது.

> வெளிப்பாடு ஏற்கெனவே நிலைத்த சொல். மரபணு வெளிப்பாடு, உணர்வு வெளிப்பாடு என்றெல்லாம் எழுதுகிறோமே. மாற்றினால் குழப்பம்தான் கூடும்.

நீங்கள் காட்டிய இரண்டிலும் உள்ளே இருப்பது வெளியே வருகிறது. அங்கே அந்தச் சொல் சரியாகவே இருக்கிறது. ஆலைப் புகைபோக்கியிலிருந்து வருவதையும் சிலர் வெளிப்பாடு என்றே எழுதுகிறார்கள். ஆக, புகையை விடுபவனுக்கும் வெளிப்பாடு, அதைச் சுவாசிப்பவனுக்கும் வெளிப்பாடு. இதைவிடப் பெரிய குழப்பம் வேறு எங்கிருந்து வரப்போகிறது?

> கதிர்வீச்சுக்கு "ஆளானவர்கள்" என்று நாளிதழ்களே எழுதுகின்றன. அதையொட்டி "ஆட்படல்" எனலாம்.

வினையாக வரும் இடத்தில் எனக்கு முழுச் சம்மதம். "ஈயத்தூசிக்கு ஆளானார்கள்" என்பதை அப்படியே எழுதிவிட்டேன், நன்றி. பெயர்ச்சொல்லாக்கினால்தான் ஒட்டவில்லை. ஆட்படல் என்றதும் அடிமையாதல் என்ற பொருள் முன்னால் வந்து நிற்கிறது. "ஆட்படல் அளவு" என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு தயங்கும்.

> குறள் சுவை, ஒளி, ஊறு, ஓசை, நாற்றம் என்கிறது. ஊறு என்றால் தொடுவுணர்வு, தீங்கு என்றும் பொருள். இரண்டும் ஒரே சொல்லில் கிடைக்கும்போது புதுச்சொல் எதற்கு?

ஐயா, இந்த மடலைப் படித்துவிட்டு அரைநாள் இதையே அசைபோட்டுக்கொண்டிருந்தேன். எவ்வளவு அழகான சொல்! ஆனால் அந்த இரண்டாம் பொருள்தான் தடை. இந்தத் துறையில் ஒன்று நம்மேல் படுவது வேறு, அதனால் தீங்கு வருவது வேறு. அந்த இரண்டையும் பிரித்து, இவ்வளவு பட்டால் இவ்வளவு கெடும் என்று கணக்குக் காட்டுவதற்குத்தான் ஆய்வே நடக்கிறது. சொல்லுக்குள்ளேயே தீங்கை வைத்துவிட்டால் "தீங்கற்ற ஊறு" என்று எழுத நேரும். "பாதிப்பு" என்று பரிந்துரைத்த அன்பருக்கும் இதே பதில்தான். (அப்புறம், "ஊறு மதிப்பீடு" என்றதும் என் வீட்டில் மாங்காயா எலுமிச்சையா என்று கேட்டார்கள். இது வாதமாகாது, தெரியும்.)

சரி, என் முன்மொழிவு. மருந்துச்சீட்டில் "வெயில் படாத இடத்தில் வைக்கவும்" என்று போடுகிறோம். தூசி படுகிறது, புகை படுகிறது, கண் படுகிறது. இந்தக் கருத்துக்குத் தமிழில் உயிரோடு இருக்கும் வினை "படு". வெளிப்பாட்டிலும் அதுதான் இருக்கிறது, கூட ஒட்டிய "வெளி"தான் திசையைக் கெடுக்கிறது. அதைக் கழற்றிவிடுவோம். மிஞ்சும் "பாடு" தனியே நின்றால் துன்பம் என்றாகிவிடும். "படுகை" ஆற்றுக்குப் போய்விட்டது. வருமானம், பெறுமானம், தேய்மானம் போலப் "படுமானம்" என்று வைத்தால் என்ன? வருவதன் கணக்கு வருமானம், தேய்வதன் கணக்கு தேய்மானம். ஒருவர்மேல் எது, எவ்வளவு, எத்தனை நேரம் பட்டது என்பதன் கணக்கு படுமானம். உடம்புக்குள் போய்ச் சேர்ந்த அளவுக்கு, அதாவது டோஸுக்கு, "உள்ளளவு" என்று தனியாக வைத்துக்கொள்ளலாம்.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்:

"8 மணி நேர வேலையில் ஈயத்தின் சராசரிப் படுமானம் காற்றில் கனமீட்டருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது" (அமெரிக்காவின் 1978ஆம் ஆண்டு விதி).

"நோயாளியின் படுமான வரலாற்றைக் கேட்டெழுதுக." இத்தாலிய மருத்துவர் ரமாசினி 1700இலேயே சொன்னதுதான் இது: வந்தவரிடம் என்ன வேலை செய்கிறாய் என்றும் கேள்.

இரண்டும் எனக்கு உறுத்தவில்லை.

> "மானம்" வடசொல் விகுதி. தமிழ்க் கலைச்சொல்லுக்கு ஆகாது.

வருமானத்தையும் செரிமானத்தையும் விட்டுவிட நீங்கள் தயாரானால் நானும் இதை விட்டுவிடுகிறேன்.

> நான் ஆலைப் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். எங்களுக்குத் தூசியைவிட இரைச்சல்தான் பெரிய தலைவலி. இரைச்சல் "படுமா"?

நல்ல கேள்வி. "காதில் படும்படி பேசாதே" என்கிறோமே, அந்தத் துணிச்சலில் "இரைச்சல் படுமானம் 8 மணி நேரத்துக்கு 85 டெசிபெல்" என்று எழுதலாம். எனக்கு இடிப்பது வேறோர் இடம். குடிநீரில் வரும் ஆர்சனிக்கும் உணவில் வரும் பூச்சிமருந்தும் மேலே படுவதில்லை, விழுங்குகிறோம். "நீர்வழிப் படுமானம்" என்பது எனக்கே கொஞ்சம் செயற்கையாகத்தான் இருக்கிறது. இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

> வேலை தேடும் பையன்கள் "நல்ல எக்ஸ்போஷர் கிடைக்கும்" என்கிறார்களே, அதுவும் படுமானமா?

அது "பட்டறிவு". சம்பளம் குறைவு என்பதையும் அப்படிச் சொல்வதுண்டு.

கட்டுரையில் இன்னும் ஒரே ஓர் இடம் முடியாமல் நிற்கிறது. முதல் உலகப்போரின்போது வெடிமருந்து ஆலைகளில் பிக்ரிக் அமிலம் பட்டுத் தோலெல்லாம் மஞ்சளாகிப்போன தொழிலாளர்களைக் கேனரிகள் என்று அழைத்தார்கள், அந்த மஞ்சள் குருவியின் பெயரால். ஆலைகள் இருக்கும் இடமே ரகசியமாக இருந்த காலம். ஹாமில்டன் வானில் எழும் மஞ்சள் புகையையும் தெருவில் போகும் மஞ்சள் மனிதர்களையும் அடையாளமாக வைத்து ஆலைகளைக் கண்டுபிடித்தார். இங்கே "படுமானம்" போடவேண்டுமா, "மஞ்சள் பட்டவர்கள்" என்று விட்டுவிடலாமா? கேனரியைக் கேனரி என்றே விட எனக்கு விருப்பம். வெள்ளிக்குள் சொன்னால் நல்லது, சனியன்று கட்டுரையை அனுப்பவேண்டும்.