எக்டிஸ் கோர்ஸ் முடிந்தது, சிமுலேட்டரில் எதைப் பழகுவது?

காற்றுத்திசை (கேள்வி)

வணக்கம். 40 மணி நேர பொது எக்டிஸ் (கப்பலின் மின்னணு கடல்வரைபட மெஷின்) கோர்ஸ் முடித்துவிட்டேன். தேர்ட் ஆபீசராகக் கப்பல் ஏறுவதற்கு முன் கப்பல் ஓட்டும் அறையைப் போலவே அமைத்த ஃபுல் மிஷன் பிரிட்ஜ் சிமுலேட்டரில் பயிற்சி இருக்கிறது. ரூட் போடுவது, ரூட் செக், அப்டேட் ஏற்றுவது எல்லாம் கோர்ஸிலேயே செய்தோம். ஆனால் நான் ஏறப்போகும் கப்பலில் வேறு கம்பெனி மெஷின், மெனு முழுக்க வேறு மாதிரி. சிமுலேட்டர் வெறும் வீடியோ கேம்தான், கப்பலில் ஏறினால் தானாக வந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கிடைக்கிற நேரத்தில் எதைப் பழகினால் முதல் வாட்ச்சில் (பிரிட்ஜில் காவல் பணி) கைகொடுக்கும்?

இன்னொரு சந்தேகம்: சேஃப்டி காண்டூர் (பாதுகாப்பான தண்ணீரையும் ஆபத்தான தண்ணீரையும் பிரிக்கும் ஆழக் கோடு) 12 மீட்டர் என்று கொடுத்தால் திரையில் 20 மீட்டர் கோடு ஏன் தடிமனாகிறது?

கலங்கரை

தம்பி, உங்கள் சந்தேகத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். சீஃப் ஆபீசராக இருந்துவிட்டு இப்போது சிமுலேட்டரில் பாடம் எடுக்கிறேன். வருகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

நீங்கள் கொடுத்த ஆழத்துக்கு இஎன்சியில் (மெஷினில் ஏற்றும் மின்னணு சார்ட்) கோடு இல்லையென்றால், அதைவிட ஆழமான அடுத்த கோட்டை மெஷின் எடுத்துக்கொள்ளும். பல சார்ட்களில் 10, 20, 30 என்றுதான் கோடுகள் இருக்கும். நீங்கள் எதுவுமே கொடுக்காவிட்டால் 30. சரி, 12 எப்படி வரும்? உதாரணமாக, டிராஃப்ட் (கப்பல் தண்ணீருக்குள் இருக்கும் ஆழம்) 9.5, ஸ்குவாட் (ஓடும்போது கூடுதலாக அமிழ்வது) 0.8, கப்பலுக்கு அடியில் இருக்க வேண்டிய தண்ணீர் 1.5. மொத்தம் 11.8, முழு எண்ணாக்கினால் 12. இந்தக் கணக்கைக் காகிதத்தில் போடாமல் என் வகுப்பில் யாரையும் மெஷினைத் தொட விடுவதில்லை.

இப்போது 11.8க்கும் 20க்கும் நடுவில் இருக்கிற நல்ல தண்ணீரும் ஆபத்து நிறத்தில்தான் தெரியும். குறுகலான கால்வாயில் நுழைந்ததும் அலாரம் விடாமல் அடிக்கும். அப்போது பையன்கள் செய்வது என்ன தெரியுமா? காண்டூரை 10 ஆக்கிவிடுவார்கள். சத்தம் நின்றுவிடும். ஆனால் 10க்கும் 11.8க்கும் நடுவில் கப்பல் தரைதட்டக்கூடிய தண்ணீரும் பாதுகாப்பான நிறத்துக்கு மாறிவிடும். அப்படிச் செய்யாதீர்கள். காண்டூரை 11.8லேயே விடுங்கள், சேஃப்டி டெப்த்தும் 11.8 கொடுங்கள், அதற்குட்பட்ட ஆழ எண்கள் எல்லாம் கறுப்பாக எடுத்துக் காட்டும். போகக்கூடாத இடங்களை நீங்களே கையால் வரைந்து எல்லை போடுங்கள். அலாரம் அடித்தால், எந்தக் கோட்டுக்காக அடிக்கிறது என்று பார்த்துவிட்டு அக்னாலெட்ஜ் செய்யுங்கள்.

மெனு வேறு என்பது எனக்குப் பெரிய கவலையாகத் தெரியவில்லை. அந்த மெஷினுக்கான பயிற்சியைத் தனியாகத் தருவார்கள். இந்தக் கணக்கு எந்த மெஷினிலும் மாறாது.

வீடியோ கேம் என்பவர்களுக்கு ஓவிட் என்ற கெமிக்கல் டேங்கரின் விசாரணை அறிக்கையைப் படிக்கக் கொடுங்கள். 2013 செப்டம்பர் 18, டோவர் நீரிணையில் வார்ன் மணல்திட்டில் ஏறியது. ரூட்டைப் போட்டது அனுபவம் இல்லாத ஜூனியர் ஆபீசர், கேப்டன் சரிபார்க்கவில்லை. ரூட் திட்டுக்கு மேலேயே போனது. திரையில் இருந்த ஸ்கேல் பொருத்தமாக இல்லை, செட்டிங்குகளும் சரியில்லை, அலாரம் சத்தமும் வேலை செய்யவில்லை. திட்டைக் காட்டும் மிதவை விளக்குகள் கண்ணுக்குத் தெரிந்தன, யாரும் அதை வைத்து எதுவும் செய்யவில்லை. கப்பல் தரைதட்டிவிட்டது என்று வாட்ச்சில் இருந்தவருக்குப் புரியவே 19 நிமிடம் ஆனது. அவர்கள் அத்தனை பேரும் அந்த மெஷினில் பயிற்சி பெற்றவர்கள். இதைச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு கனக்கும், ஏனென்றால் பயிற்சி கொடுக்கும் எங்களிடமும் அது கேள்வி கேட்கிறது.

அதனால் சிமுலேட்டரில் நான் ஜிபிஎஸ்ஸை மெதுவாக நகர்த்திவிடுவேன். அலாரம் எதுவும் வராது. கப்பல் ரூட்டின் நடுவிலேயே அழகாகப் போவதாகத் திரை காட்டும். ரேடார் ஓவர்லேயை, அதாவது ரேடார் படத்தைச் சார்ட்டின் மேல் போட்டால் மட்டும் கரையின் எதிரொலி சார்ட்டில் இருக்கும் கரையோரத்தை விட்டு விலகி நிற்கும். சிலர் அதைப் பார்த்துவிட்டு ரேடார்தான் தப்பு என்று ஓவர்லேயை அணைத்துவிடுவார்கள். கரையின் ஒரு முனைக்கு ரேடாரில் தூரமும் பேரிங்கும் (திசைக்கோணம்) எடுத்து, எக்டிஸில் கையால் குறித்துப் பார்ப்பவர் சில நிமிடங்களில் பிடித்துவிடுவார். நீங்கள் பழக வேண்டியது அதைத்தான். ராயல் மெஜஸ்டி என்ற பயணிகள் கப்பல் 1995 ஜூனில் அமெரிக்காவின் நான்டகெட் தீவுக்கு அருகே தரைதட்டியபோது, தாங்கள் இருப்பதாக நினைத்த இடத்திலிருந்து சுமார் 17 மைல் விலகி இருந்தது. ஜிபிஎஸ் ஆன்டெனா கேபிள் கழன்றிருந்தது, அவ்வளவுதான்.

பேரலல் இண்டெக்ஸும் அப்படியே. ஒவ்வொரு லெக்குக்கும் (ரூட்டின் ஒவ்வொரு நேர்ப் பகுதிக்கும்) இணையாக ரேடாரில் கோடு போட்டு, கரையின் ஒரு முனை அந்தக் கோட்டிலேயே நகர்கிறதா என்று பாருங்கள். அதற்கு ஜிபிஎஸ் தேவையில்லை.

நள்ளிரவு வாட்ச்

கலங்கரை சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் செகண்ட் ஆபீசர், சார்ட் என் பொறுப்பு. எக்டிஸில் ஏஐஎஸ் (கப்பல்கள் தங்கள் இடத்தைத் தாமே ரேடியோவில் அறிவிக்கும் கருவி) முக்கோணத்தைப் பார்த்துக்கொண்டே எதிர்க் கப்பலுக்கு வழி முடிவு செய்யும் பழக்கத்தை சிமுலேட்டரிலேயே விட்டுவிடுங்கள். ஏஐஎஸ் தருவது அவர் ஜிபிஎஸ் சொல்வதை. ஏஐஎஸ் இல்லாத படகும் கடலில் இருக்கும். ரேடாரில் அவர் நகர்வைக் குறித்து பிளாட் செய்யுங்கள், காம்பஸ் பேரிங் மாறுகிறதா என்று ஜன்னல் வழியாகப் பாருங்கள். கடல் மோதல் தடுப்பு விதிகளில் விதி 5 கண்ணையும் காதையும்தான் முதலில் சொல்கிறது.

கப்பலில் ஏறியதும் கேட்க வெட்கப்படாதீர்கள்: கடைசி அப்டேட் எந்த வாரம், அலாரம் சத்தம் கேட்கிறதா, இரண்டு எக்டிஸிலும் செட்டிங் ஒன்றுதானா. எனக்கு முன்னால் இருந்தவர் காட்டியதை மட்டும் நம்பாமல் நானே ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன்.

காற்றுத்திசை

மிக்க நன்றி சார், அண்ணா. ஒன்று மட்டும். ஹை வாட்டரில் கடக்கப் போகிறோம் என்றால் டைடை (ஓதத்தின் உயரம்) சேர்த்து 11.8ஐக் குறைக்கலாமா? அப்புறம் கேட்ஸாக் (சார்ட்டில் உள்ள அளவீட்டை எவ்வளவு நம்பலாம் என்ற தரக் குறியீடு) இதில் எங்கே வருகிறது?

கலங்கரை

டைடைச் சேர்க்கலாம், கேப்டன் ஒப்புக்கொண்டால். ஆனால் சார்ட்டில் இருக்கும் ஆழம் டேட்டம் என்ற தாழ்நீர் மட்டத்திலிருந்து; பொதுவாக மெஷின் டைடைத் தானாகக் கூட்டாது. எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை அந்தக் கணக்கு செல்லும் என்று பாசேஜ் பிளானில் எழுதுங்கள். ஒரு மணி நேரம் தாமதமானால் மறுபடி கணக்குப் போட வேண்டும்.

கேட்ஸாக்கை மறந்தால் மற்ற எல்லாக் கணக்கும் வீண். ஏ1 என்றால் ஆழத்தில் அரை மீட்டரும் ஆழத்தின் 1 சதவீதமும் பிழை இருக்கலாம். சி என்றால் 2 மீட்டரும் 5 சதவீதமும். 12 மீட்டர் ஆழத்தில் அது 2.6. இடமும் 500 மீட்டர் வரை தள்ளியிருக்கலாம். அங்கே உங்கள் 1.5 மீட்டர் மிச்சம் காணாமல் போய்விடும். அடுத்த பயிற்சியில் சி என்று குறித்த பகுதியைக் கேட்டு வாங்கி, அதில் ஒரு ரூட் போட்டுப் பாருங்கள். போட்டதை இங்கே எழுதுங்கள், பார்க்கிறேன்.