பிரஷர் மாத்திரையும் பத்து நிமிட மூச்சும்

போன வருஷம் ஆடி மாதம் எனக்கு பிரஷர் 158/96 என்று வந்தது, மேல் அளவு 158, கீழ் அளவு 96. வயது 47, பள்ளியில் கணக்கு டீச்சர். டாக்டர் அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை 5 மில்லிகிராம் எழுதி, உப்பைக் குறைக்கச் சொன்னார். தினமும் பத்து நிமிடம் மூச்சைக் கவனித்து உட்காரவும் சொன்னார்.

முதல் வாரம் மூச்சைத் தவிர மற்றதெல்லாம் ஞாபகம் வந்தது. பேப்பர் கட்டு, கேஸ் புக்கிங், மாமியாரின் கண் ஆபரேஷன். அப்புறம் நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று மெதுவாக்கினேன், இழுப்பதைவிட விடுவது நீளமாக. மூச்சு விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கிறதாம். எழும்போது தோள் தளர்ந்திருப்பது எனக்கே தெரியும்.

மூன்றாம் வாரம் மேல் அளவு 132 பார்த்ததும் மாத்திரையை நானே நிறுத்திவிட்டேன். பெரிய தப்பு. பன்னிரண்டாம் நாள் 164. அந்த 132-இல் பெரும்பங்கு மாத்திரையுடையது. மறுநாளே டாக்டரிடம் போய்ச் சொல்லி, திரும்ப ஆரம்பித்தேன்.

உட்கார்ந்து பழகியதில் எனக்குக் கிடைத்தது வேறு. சாப்பிடும்போது ஊறுகாய்க்குக் கை போவது தெரிய ஆரம்பித்தது. ஒன்பதாம் வகுப்பில் கத்துவதற்கு முன்னால் தாடை இறுகுவது தெரிந்தது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் எரிக் லவுக்ஸ் குழு நடத்தும் எட்டு வாரப் பயிற்சியிலும், சாப்பாடு, மாத்திரை, கோபம் என்று அன்றாடத்தின் மேல்தான் கவனத்தைத் திருப்புகிறார்கள். 2023இல் வந்த அவர்கள் ஆய்வில் ஆறு மாதத்தில் மேல் அளவு சராசரியாக கிட்டத்தட்ட 6 குறைந்தது. ஆறுதானே என்று நினைக்காதீர்கள், இதயத்துக்கு அது பெரிய உபகாரம்.

இதைப் படித்த ஒரு தம்பி எழுதியது: அக்கா, என் அப்பா விஷயத்தில் நான் ஏமாந்தேன். மாடி ஏறி வந்ததும் பார்த்தால் 170, தியானம் முடிந்து பார்த்தால் 148. தியானத்தின் மகிமை என்று எல்லோரிடமும் சொன்னேன். ஒரு நாள் தியானம் இல்லாமல், சாய்ந்து கால் ஊன்றி ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைத்துப் பார்த்தேன். 150. இப்போது தினமும் காலையில் மாத்திரைக்கு முன், ஒரே நாற்காலியில்தான் அளக்கிறோம். அவருக்கு முழங்கால் வலி, சம்மணம் போட முடியாது. அதனால் தியானத்துக்குப் பதில், மல்லாந்து படுத்து உடம்பைத் தளர்த்தும் சவாசனம். மும்பையில் டாக்டர் கே.கே. தாத்தே 1969லேயே ரத்த அழுத்த நோயாளிகளைச் சவாசனம் செய்ய வைத்து ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

அவருக்கு என் பதில்: தம்பி, அப்பாவைச் சவாசனம் முடிந்ததும் பக்கவாட்டில் திரும்பி, கொஞ்சம் உட்கார்ந்து, பிறகு எழச் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். எங்கள் மாமனார் அப்படித்தான் விழுந்தார்.