முன்பக்கம் டொக் டொக் சத்தம், சொக் போய்விட்டதா? அவசரம்

நிலாவெளி_ராசன்:
வணக்கம். காரின் முன்பக்கத்தில் டொக் டொக் என்று சத்தம். இப்போது கூடிவிட்டது. சொக் (ஷொக் அப்சோபர், குலுக்கத்தை அடக்கும் பாகம்) மாற்ற வேண்டுமா? விடியக் கொழும்புக்குப் போகவேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

உவர்மலைத்_தம்பி:
என்ன கார் அண்ணை? எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கிறது?

கிண்ணியா_நானா:
சத்தம் எப்போது வருகிறது? பள்ளத்திலா, ஸ்டியரிங் திருப்பும்போதா, பிரேக் பிடிக்கும்போதா?

உப்புக்காற்று:
கடலோரத்தில் நிறுத்துகிறீர்களா? அப்படியென்றால் ஸ்பிரிங்தான். துருவேறி அடிச்சுற்று உடைந்து தட்டிலேயே உட்கார்ந்திருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. டோர்ச் அடித்துப் பாருங்கள்.

பழைய_சாரதி:
இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதியாயிற்று. தேடிப் பார்க்கத்தான் ஒருவருக்கும் நேரமில்லை. சொக் போனால் பெரும்பாலும் சத்தத்துக்கு முன் ஆட்டம் தெரியும். பிரேக் பிடித்தால் மூக்குக் குத்தும். மேடு தாண்டிய பிறகும் வண்டி ஆடிக்கொண்டே போகும். டயர் திட்டுத்திட்டாகத் தேயும். சொக்கில் எண்ணெய் வழிந்து புழுதி பிடித்திருக்கும். போனட் மூலையை அமுக்கி விடுங்கள். ஒரு தரம் எழும்பி நின்றால் நல்லது, தொடர்ந்து ஆடினால் மாற்ற வேண்டியதுதான். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

உவர்மலைத்_தம்பி:
அமுக்கிப் பார்த்தால் முழுக்கச் செத்த சொக்தான் தெரியும். பாதி போனது நன்றாகவே நிற்கும்.

பழைய_சாரதி:
நீங்கள் பிறக்கமுன்பே நான் வண்டி ஓட்டியவன், தம்பி.

நிலாவெளி_ராசன்:
டொயோட்டா அக்சியோ. ஸ்பீட் பிரேக்கரில் சத்தம்.

கிண்ணியா_நானா:
141 மொடலா, 165 மொடலா? சரி, எதுவாக இருந்தாலும் மெதுவாகப் போகும்போது சின்னக் குழிகளில் டொக் டொக் என்றால் முதலில் லிங்க் ரொட்டைப் பாருங்கள், வண்டி சாயாமல் பிடிக்கும் பாரைச் சொக்கோடு இணைக்கும் சின்னக் கம்பி அது. நின்ற இடத்தில் ஸ்டியரிங் திருப்பும்போது சத்தம் வந்தால் சொக் மவுண்ட், சொக்கின் மேல்முனையைப் பொடியோடு பிடிக்கும் ரப்பர். முழுக்க ஒடித்து ஓட்டும்போது டக் டக் என்றால் சி.வி. ஜொயின்ட், அது சில்லைச் சுழற்றும் அச்சின் மூட்டு, சஸ்பென்ஷனில் சேராது. சில்லைக் கீழே பிடித்திருக்கும் போல் ஜொயின்ட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது கழன்றால் ஓடும்போதே சில்லு மடங்கிவிடும். ஜக்கில் ஏற்றி ஆட்டிப் பார்க்காமல் கொழும்புப் பயணம் வேண்டாம்.

உப்புக்காற்று:
ஸ்பிரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள் நானா.

மட்கோ_மச்சான்:
சொக் போடுவதென்றால் ஜப்பானில் கழற்றிய பழையதைத் தேடி எடுங்கள். புதிது என்று விற்பதெல்லாம் கொப்பி.

உவர்மலைத்_தம்பி:
கழற்றியது எத்தனை வருஷம் ஓடியதென்று யாருக்குத் தெரியும்? உள்ளே சீல் இறுகிப் போயிருக்கும். நல்ல பிராண்டில் புதிதாக, இரண்டு பக்கமும் ஒன்றாகப் போடவேண்டும். பிறகு சில்லு எலைன்மென்ட்டும் செய்யவேண்டும்.

மட்கோ_மச்சான்:
உங்களிடம் காசு இருக்கிறது, போடுங்கள். என் வண்டியில் பழைய சொக்தான், ஹபரணைக் காட்டு ரோட்டில் நூறில் போனாலும் அசையாது.

கிண்ணியா_நானா:
அந்த ரோட்டில் நூறா? யானை குறுக்கே வந்தால் சொக் இருந்து என்ன பயன்?

பழைய_சாரதி:
கேட்டவர் எங்கே? கேட்டுவிட்டு ஓடுவதே இங்கே வழக்கமாகிவிட்டது.

நிலாவெளி_ராசன்:
இடது லிங்க் ரொட். இரண்டு பக்கமும் மாற்றியாயிற்று, சத்தம் இல்லை. போல் ஜொயின்ட் நல்லது என்றார்கள். நன்றி நானா, தம்புள்ளையில் சாப்பிடுகிறேன்.

உவர்மலைத்_தம்பி:
எவ்வளவு எடுத்தார்கள் அண்ணை?

உப்புக்காற்று:
ஸ்பிரிங் பார்த்தார்களா?